இரண்டாவது நேம் சர்வரை எங்கே வைப்பது

ஒரு டொமைனுக்குக் குறைந்தது இரண்டு நேம் சர்வர்கள் வேண்டும் என்பது டிஎன்எஸ்ஸின் பழைய விதி. 1987 நவம்பரில் பால் மொகபெட்ரிஸ் எழுதி வெளிவந்த ஆர்எஃப்சி 1034 ஆவணமே அதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. டொமைன் பதிவு செய்யும் படிவத்தில் நேம் சர்வருக்கு இரண்டு கட்டங்கள் இருப்பதும் அதனால்தான். சிறு ஹோஸ்டிங் தொழில்கள் பலவற்றில் இந்த விதி அந்தப் படிவத்தோடு நின்றுவிடுகிறது. ஒரே விபிஎஸ்ஸுக்கு இரண்டு ஐபி முகவரி வாங்கி, ஒன்றுக்கு என்எஸ்1 என்றும் மற்றதற்கு என்எஸ்2 என்றும் பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் எழுதுவது போன்ற காரியம் இது. அந்த வீட்டில் கரன்ட் போனால் இரண்டு எண்ணிலும் இருட்டுதான்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஹோஸ்டிங் நடத்துபவரின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக்காரர்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி சிப்காட்டிலும் அதற்கு வெளியிலும் வளர்ந்த லேத் பட்டறைகள், டூல் ரூம்கள், பெயின்டிங், பிளேட்டிங் யூனிட்டுகள் ஒரு பக்கம். பாகலூர், கெலமங்கலம் பக்கத்து ரோஜாப் பண்ணைகள், கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் ஆலைகள் இன்னொரு பக்கம். இவர்களுடைய வெப்சைட் ஒரு மணி நேரம் திறக்காவிட்டால் கவனிப்பவர் குறைவு. மெயில் அப்படியல்ல. டிராயிங், விலைப்புள்ளி கேட்பு, வாராந்திர ஷெட்யூல் எல்லாம் மெயிலில்தான் வருகின்றன. மாம்பழ சீசனில் வளைகுடா நாட்டு வாங்குபவர் அனுப்பும் ஆர்டரும், காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் வரும் ரோஜா ஆர்டரும் அந்தந்த நாளில் வந்து சேர்ந்தால்தான் பயன். நேம் சர்வர் பேசாமல் போனால் வெப்சைட்டோடு மெயிலும் நிற்கும்.

கேள்வி எப்படிப் பயணிக்கிறது

வாங்குபவரின் மெயில் சர்வர் ஒரு டொமைனின் முகவரியைத் தேடும்போது, அதற்காக வேலை செய்யும் ரிசால்வர் முதலில் ரூட் சர்வரையும், பிறகு டாட் காம் அல்லது டாட் இன் சர்வரையும் கேட்கிறது. அங்கே கிடைப்பது விடை அல்ல. விடை தெரிந்த நேம் சர்வர்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் இருப்பவற்றில் ஒன்றை ரிசால்வரே தேர்ந்தெடுத்துக் கேட்கிறது. என்எஸ்1தான் முதலில் கேட்கப்படும், அது விழுந்தால்தான் என்எஸ்2 என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. முதன்மை, துணை என்ற பிரிவு ஹோஸ்டிங் நடத்துபவரின் வீட்டுக்குள் இருக்கும் ஏற்பாடு. வெளியிலிருந்து பார்க்கும் ரிசால்வருக்கு எல்லாம் ஒரே தரம். வேகமாகப் பதில் சொல்வதை அதிகம் கேட்கும், மற்றவற்றையும் அவ்வப்போது கேட்டுப் பார்க்கும்.

இதிலிருந்து வரும் விளைவு பலருக்குத் தெரியாதது. செத்துக் கிடக்கும் நேம் சர்வரைவிடத் தவறான பதில் சொல்லும் நேம் சர்வர் ஆபத்தானது. செத்துக் கிடந்தால் ரிசால்வர் சிறிது நேரம் காத்திருந்து அடுத்ததைக் கேட்கும். எல்லாமே செத்துக் கிடந்தாலும், அனுப்பும் மெயில் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். 4, 5 நாட்களாவது முயல வேண்டும் என்று மெயில் விதிகள் சொல்கின்றன. ஆனால் ஒரு நேம் சர்வர் உயிரோடு இருந்து "அப்படி ஒரு டொமைனே இல்லை" என்று சொன்னால் கடிதம் அந்த நிமிடமே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். ஆறு மாதத்துக்கு முந்தைய மெயில் சர்வர் முகவரியைச் சொன்னால் கடிதம் வேறு கதவைத் தட்டும். ஆகவே இரண்டாவது நேம் சர்வர் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. முதலாவது சொல்வதையே அதுவும் சொல்ல வேண்டும்.

இடம்

நேம் சர்வர்களின் இடத்தைப் பற்றி 1997 ஜூலையில் வெளிவந்த ஆர்எஃப்சி 2182 இன்றும் பின்பற்றத் தக்கது. புவியியல் வகையிலும் நெட்வொர்க் வகையிலும் விலகி இருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு மூன்று சர்வர் போதும் என்பது அதன் சாரம். அதைக் கேட்காதவர்களில் பெரியவர்களும் உண்டு. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் தளங்கள் ஒரு நாள் அளவுக்குத் திறக்காமல் கிடந்தன. அவர்களிடம் நான்கு நேம் சர்வர்கள் இருந்தன. நான்கும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. வழியிலிருந்த ரூட்டரின் அமைப்பில் செய்த ஒரு தவறு நான்கையும் சேர்த்து மறைத்துவிட்டது.

ஓசூர்க்காரருக்கு முதலில் தோன்றும் யோசனை, ஒன்று இங்கே, இன்னொன்று பெங்களூரில் என்பது. சுமார் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி. மாநிலம் வேறு, மின் விநியோகம் வேறு. துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஓசூரில் பகலெல்லாம் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் பெங்களூரில் விளக்கு எரியும். அந்த அளவுக்கு யோசனை சரி. ஆனால் ஓசூரிலிருந்து வெளியே போகும் ஃபைபரும் பெங்களூர் வழியாகவே போகலாம். இரண்டு கம்பெனிகளிடம் லைன் வாங்கினாலும் இரண்டு கேபிளும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே பள்ளத்தில் கிடப்பது புதிதல்ல. மேம்பால வேலைக்கு வந்த ஜேசிபி ஒரு முறை மண்ணைக் கிளறினால் இரண்டும் போகும்.

எல்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் கலவரம் வெடித்தபோது தமிழ்நாட்டு வண்டிகள் ஓசூர் எல்லையோடு நின்றன. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கில் இ-பாஸ் இல்லாமல் எல்லையைக் கடக்க முடியவில்லை. சர்வர் பெங்களூர் டேட்டா சென்டரில் இருக்கிறது, பழுதானால் பைக்கில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டவருக்கு அந்த வாரங்களில் திட்டமே இல்லாமல் போயிருக்கும். நேரில் போய்த் தொட வேண்டிய தேவை எந்த நேம் சர்வருக்கும் இருக்கக் கூடாது.

இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு இது: பெங்களூரில் ஒன்று, மும்பையில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. பெங்களூருக்குப் பதில் சென்னையையும் வைக்கலாம். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 டிசம்பர் 12இல் கரையேறிய வர்தா புயலையும் பார்த்த நகரம் அது. அதை மட்டும் நம்பக் கூடாது. மூன்றும் மூன்று வேறு கம்பெனிகளிடம் இருப்பது நல்லது. ஒரே கம்பெனியின் மூன்று நகரங்களில் வைத்தால் ஊர்தான் மூன்று. கணக்கு ஒன்று, பணம் கட்டும் கார்டும் ஒன்று. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதி நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டு கிளவுட் கம்பெனிகளுக்கு மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்த பணம் பலருக்கு நின்றது. பில் கட்டாத கணக்கு முடக்கப்பட்டால் மூன்று நகரமும் ஒரே நிமிடத்தில் இருளும். செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். ஐந்நூறு டொமைன்களின் விவரம் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 1 ஜிபி நினைவகம் உள்ள மிகச் சிறிய விபிஎஸ் தாராளமாகப் போதும்.

மறைந்திருக்கும் முதன்மை

அப்படியானால் ஓசூர் அலுவலகத்து சர்வருக்கு என்ன வேலை? அது முதன்மையாக இருக்கட்டும். ஆனால் பட்டியலில் இருக்க வேண்டாம். மாற்றங்களெல்லாம் அங்கே எழுதப்படும். வெளியே தெரியும் மூன்று சர்வர்களும் துணைகள். முதன்மையிடமிருந்து நகல் எடுத்துக்கொண்டு உலகுக்குப் பதில் சொல்பவை. இதற்கு மறை முதன்மை முறை என்று பெயர். மின்தடையும் லைன் கோளாறும் சகஜமான ஊரில் ஒரு சிறு தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. அலுவலகத்தில் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து முதன்மை அணைந்தால் வாடிக்கையாளர் எவருக்கும் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் புதிய மாற்றம் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

துணைகள் முதன்மையைத் தேடி வந்து நகல் எடுக்க வேண்டும் என்பதால் அதற்கு எட்டக்கூடிய முகவரி வேண்டும். சாதாரண பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். பல இணைப்புகளில் பொது ஐபியே கிடைக்காது. நிலையான ஐபியைக் கூடுதல் கட்டணத்தில் வாங்கலாம், அல்லது வயர்கார்ட் போன்ற விபிஎன் ஒன்றை முதன்மைக்கும் துணைகளுக்கும் இடையே போடலாம். நகல் எடுப்பது டிசிபி 53ஆம் போர்ட்டில் நடக்கும். ஃபயர்வாலில் யூடிபி 53 மட்டும் திறந்து டிசிபியை மறந்துவிடுவது மிகப் பழைய தவறு, இன்றும் நடக்கிறது.

பைண்ட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. முதன்மையில் மாற்றம் நடந்தவுடன் "புதியது வந்திருக்கிறது" என்று துணைகளுக்கு ஓர் அறிவிப்பு போகும். ஒவ்வொரு டொமைனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏவில் முதன்மை சர்வரின் பெயரை எழுத ஓர் இடம் இருக்கிறது. முதன்மையை மறைக்க விரும்புபவர் அந்த இடத்தில் என்எஸ்1இன் பெயரை எழுதுவார். பைண்டோ, அங்கே பெயர் இருப்பவர்தான் முதன்மை, முதன்மைக்கு அறிவிப்பு எதற்கு என்று என்எஸ்1ஐ விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் அனுப்பும். விளைவாக என்எஸ்2, என்எஸ்3 உடனே புதுப்பிக்கப்படும்; என்எஸ்1 மட்டும் மணிக்கணக்கில் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். அறிவிப்பு பெற வேண்டிய முகவரிகளை வெளிப்படையாக எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

நகல் எடுக்கும் உரிமை துணைகளுக்கு மட்டுமே இருக்க வேண்டும். ஐபி முகவரியோடு டிசிக் எனப்படும் இரகசியச் சாவியையும் சேர்த்துப் பூட்டுவது முறை. டிசிக் நேரத்தையும் பார்க்கும். இரண்டு சர்வர்களின் கடிகாரத்துக்கும் 300 நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நகல் மறுக்கப்படும். பழைய அலுவலக கம்ப்யூட்டரில் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், நீண்ட மின்தடைக்குப் பிறகு அது பல வருடம் பின்னால் போய் விழித்தெழும். நேரம் தானாகச் சரிசெய்யப்படாவிட்டால் அன்றிலிருந்து நகல் எடுப்பது நின்றிருக்கும். வெளியே எல்லாம் சரியாக நடப்பது போலவே தெரியும். 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட ஆணையும், என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு கடிகாரங்களைப் பொருத்த வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. விபிஎஸ் விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் காக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

எண்கள்

எஸ்ஓஏ பதிவில் ஐந்து எண்கள் இருக்கின்றன. துணை எத்தனை நொடிக்கு ஒரு முறை முதன்மையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு 3600, பார்க்க முடியாவிட்டால் மறுமுயற்சிக்கு 900, "இல்லை" என்ற பதிலை மற்றவர்கள் நினைவில் வைக்கும் காலத்துக்கு 3600 என்று வைத்தால் போதும். காலாவதி எண்ணில்தான் யோசனை தேவை. முதன்மையைத் தொடர்ந்து அவ்வளவு நாள் எட்ட முடியாவிட்டால் துணை அந்த டொமைனுக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிடும். சில மாதிரிக் கோப்புகளில் இது 604800, அதாவது ஒரு வாரம். போகி அன்று முதன்மை பழுதாகி, பொங்கல் விடுமுறையோடு ஒரு வாரம் ஓடிவிட்டால் எல்லா வாடிக்கையாளரும் ஒரே நேரத்தில் மறைவார்கள். 2419200, அதாவது நான்கு வாரம் வைப்பதே இந்த அமைப்புக்குச் சரி.

ஐந்தாவது எண் சீரியல். முதன்மையில் இருப்பது தன்னிடம் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால்தான் துணை நகல் எடுக்கும். தேதியோடு அன்றைய மாற்றத்தின் வரிசை எண்ணைச் சேர்த்து எழுதுவது வழக்கம்: 2025 ஜூன் 15இன் முதல் மாற்றத்துக்கு 2025061501. அவசரத்தில் 2052061501 என்று கைதவறி எழுதினால் துணைகள் அதையும் வாங்கிக்கொள்ளும். மறுநாள் சரியான எண்ணை எழுதினால் அது சிறியது என்று எந்தத் துணையும் திரும்பிப் பார்க்காது. 27 வருடம் காத்திருக்கத் தேவையில்லை. சீரியல் 32 பிட் எண். 4294967295க்குப் பிறகு வட்டமாகச் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அதனால் தவறான எண்ணோடு 2147483647ஐக் கூட்ட வேண்டும், 4199545148 வரும். அதை எழுதி, மூன்று துணைகளும் அதைப் பெற்றுவிட்டதை உறுதிசெய்த பிறகு 2025061502 என்று எழுதினால், வட்டக் கணக்கில் அது முன்னால் இருப்பதாகக் கொண்டு துணைகள் ஏற்றுக்கொள்ளும். மூன்றில் ஒன்று அப்போது அணைந்திருந்தால் அது மட்டும் பழைய எண்ணிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால் நடுவில் அவசரப்படக் கூடாது.

புதிய வாடிக்கையாளர்

மேலே சொன்னவற்றையெல்லாம் சரியாகச் செய்த தொழில்களும் தோற்கும் இடம், புதிய டொமைன் சேரும் நாள். முதன்மையில் டொமைனைச் சேர்த்தால் அதன் பதிவுகள் துணைக்குத் தானாகப் போகும் என்பது உண்மையல்ல. அப்படி ஒரு டொமைன் இருப்பதையே துணைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு துணையில் மறந்துவிட்டால் அது வரும் கேள்விகளை மறுக்கும். ரிசால்வர் அடுத்த சர்வரைக் கேட்டுப் பிழைத்துக்கொள்வதால் புகார் வராது. உண்மையான கோளாறு வரும் நாளில்தான் துணை இல்லாதது தெரியும். கேட்டலாக் ஜோன் எனப்படும் முறை இதற்குத் தீர்வு. டொமைன்களின் பட்டியலையே ஒரு தனி ஜோனாக, அதாவது ஒரு டொமைனின் பதிவுத் தொகுப்பைப் போல, எழுதிவிட்டால், அதையும் துணைகள் நகலெடுத்துப் புதியவற்றைத் தாமே சேர்த்துக்கொள்ளும். 2023இல் ஆர்எஃப்சி 9432 ஆக இது தரப்படுத்தப்பட்டது. பைண்ட், நாட், பவர்டிஎன்எஸ் மூன்றிலும் இருக்கிறது. மூன்று துணைகளில் ஒன்றையாவது பைண்ட் அல்லாத மென்பொருளில் ஓட்டினால், ஒரே மென்பொருள் ஓட்டையில் எல்லாம் விழும் அபாயமும் குறையும்.

வெளியே தெரியும் மூன்றும் தம்மிடமுள்ள டொமைன்களுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். யார் எதைக் கேட்டாலும் தேடிக் கொடுக்கும் வசதி திறந்திருந்தால், அந்த சர்வர் பிறரைத் தாக்கும் ஆயுதமாகும். 2013 மார்ச்சில் ஸ்பாம் எதிர்ப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸ் மீது நடந்த பெரும் தாக்குதலில் பயன்பட்டவை இப்படித் திறந்து கிடந்த சர்வர்கள்தாம்.

மேலே இருக்கும் கயிறு

மூன்று ஊர், மூன்று கம்பெனி என்று அமைத்தாலும் எல்லாவற்றுக்கும் மேலே டொமைன் ரிஜிஸ்ட்ரார் என்ற ஒற்றைக் கயிறு இருக்கிறது. 2018 செப்டம்பர் 24 அன்று சோஹோ நிறுவனத்துக்கு நேர்ந்தது தமிழ்நாட்டில் ஹோஸ்டிங் செய்யும் எவரும் மறக்கக் கூடாதது. ஃபிஷிங் புகார்களைக் காட்டி, சோஹோவின் முதன்மை டாட் காம் டொமைனை அதன் ரிஜிஸ்ட்ரார் முடக்கியது. நேம் சர்வர்களும் டேட்டா சென்டர்களும் நலமாகவே இருந்தன. அவற்றுக்கு வழி சொல்லும் பலகை மட்டும் கழற்றப்பட்டது. கோடிக்கணக்கில் பயனர்களைக் கொண்ட நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பொதுவெளியில் உதவி கேட்க வேண்டியிருந்தது. டொமைன் அன்றே மீட்கப்பட்டாலும் எல்லோருக்கும் உடனே திறக்கவில்லை. முன்பு கிடைத்த பதிலை ரிசால்வர்கள் நினைவில் வைத்திருந்ததே காரணம். டாட் காம் தரும் நேம் சர்வர் பட்டியலின் நினைவுக் காலமே 172800 நொடி, அதாவது இரண்டு நாள்.

ஒரு சிறு தொழிலில் எல்லா வாடிக்கையாளர் டொமைன்களும் ஹோஸ்டிங்காரரின் ஒரே டொமைனின் கீழுள்ள நேம் சர்வர் பெயர்களைத்தான் நம்பியிருக்கும். அந்த ஒரு டொமைன் புதுப்பிக்கப்படாமல் போனால் ஐந்நூறும் சேர்ந்து போகும். அதைப் பல வருடங்களுக்கு முன்கூட்டியே புதுப்பித்து, மாற்றப் பூட்டும் போட்டு வைக்க வேண்டும். இன்னும் நல்லது, என்எஸ்1ஐ டாட் இன் டொமைனிலும், என்எஸ்2, என்எஸ்3ஐ வேறொரு ரிஜிஸ்ட்ராரிடம் உள்ள டாட் நெட் டொமைனிலும் வைப்பது. ரிஜிஸ்ட்ரார் கணக்கின் தொடர்பு மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் விழுந்தால் மீட்புக் கடிதம் வந்து சேர வழியிருக்காது. நேம் சர்வரின் ஐபி மாறும்போது ஜோனில் மட்டுமல்லாமல் ரிஜிஸ்ட்ராரிடம் அந்த ஐபியைப் பதிந்துள்ள குளூ பதிவிலும் மாற்ற வேண்டும் என்பதை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்.

சோதனை

வாரம் ஒரு முறை, அலுவலக லைனிலிருந்து அல்லாமல் மொபைல் டேட்டாவிலிருந்து, டிக் கட்டளையால் மூன்று நேம் சர்வர்களையும் தனித்தனியே ஒவ்வொரு டொமைனின் எஸ்ஓஏவைக் கேட்க வேண்டும். மூன்று சீரியலும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறு ஸ்கிரிப்ட் ஒன்று இதைச் செய்து, வேறுபாடு இருந்தால் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும்படி வைத்துவிடலாம். அறிவிப்பை மெயிலில் மட்டும் வாங்குவது சரியல்ல. மெயிலே டிஎன்எஸ்ஸை நம்பியிருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறையாவது வேண்டுமென்றே விழச்செய்து பார்க்க வேண்டும். ஆயுத பூஜை விடுமுறையில் சிப்காட் ஆலைகள் ஓய்ந்திருக்கும் நேரம் அதற்கு வசதியானது. என்எஸ்1இல் மென்பொருளை மட்டும் நிறுத்திப் பார்ப்பது பாதிச் சோதனைதான். இயந்திரம் உயிரோடு இருப்பதால் "இங்கே யாரும் இல்லை" என்று உடனே சொல்லும். கேட்பவர் தாமதமின்றி அடுத்ததுக்குப் போய்விடுவார். மின்சாரம் போனாலோ ஃபைபர் அறுந்தாலோ அப்படி ஒரு பதிலும் வராது; மௌனம்தான். அதனால் ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டுக்கு வரும் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்கும்படி வைத்து ஒரு மணி நேரம் விட வேண்டும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் டொமைன் ஒன்றுக்கு வெளியூர் மெயில் கணக்கிலிருந்து கடிதம் அனுப்பி, வந்து சேர எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். என்எஸ்2க்கும் என்எஸ்3க்கும் அதேபோல. கடைசியாக ஓசூர் முதன்மையை ஒரு முழு நாள் அணைத்து வைத்து, மறுநாள் ஏற்றியவுடன் ஒரு சிறு மாற்றம் எழுதி, மூன்று இடத்திலும் புதிய சீரியல் வந்ததா என்று பார்த்தால் சோதனை முடிந்தது.